உள்தெருவில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

என் மகள் தன் சங்கதியைச் சொன்னபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்கூட தங்கியிருக்காளே, அவ வெறும் சிநேகிதி இல்ல. கடைசிவரைக்கும் நான் அவளோடதான் இருக்கப் போறேன். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

கையை எடுக்காமல் கரைத்துக்கொண்டே இருந்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. சரி, கோபமாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. அவள் அப்பா செத்த அன்றைக்கும் எனக்கு இப்படித்தான். ஊர்ப் பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான்தான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்துத் தேற்றினேன்.

"சமைப்பாளா?" என்று கேட்டேன்.

"நல்லா சமைப்பா."

"அப்ப நீ பொழச்ச. உனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது."

ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். மகன் துபாய்க்குப் போனான். மகள் மெட்ராஸ் பக்கம் ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனிக்குப் போனாள். அங்கேதான் அந்தப் பெண்ணும் வேலை பார்த்தாள். மகன் திரும்பி வந்து தஞ்சாவூரில் செல்போன் கடை போட்டான். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட்டேன். பிறகு அந்த வீடும் விற்றுப் போயிற்று.

தன் சங்கதியைச் சொன்ன அந்த வருஷமே ஆனி மாதம் மகள் போன் செய்தாள். தஞ்சாவூரில் ஊர்வலம் நடத்தப் போகிறார்களாம். அவளைப் போன்ற பெண்கள், பையன்கள், திருநங்கைகள், கொஞ்சம் சட்டம் படிக்கிற பிள்ளைகள், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். வயலில் எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று சங்கத்துக்காரர்கள் மறியல் செய்தபோது இவர்கள் கூடப் போய் உட்கார்ந்தார்களாம். அதனால் அவர்கள் இப்போது தப்பு மேள செட்டோடு வருகிறார்களாம்.

"ஏன், மெட்ராஸ்லயே நடந்துக்கக் கூடாதா?"

"அங்க நடந்தா என்னை யாருக்கும்மா தெரியும்? நான் வளந்த பக்கத்துல நடக்கணும். நீயும் வா. அண்ணன் கடை வாசல் வரைக்கும் வந்தாப் போதும். நீ என் பக்கத்துல நடந்து வர்றத அவன் பாக்கணும்."

மகன் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"அவ நடக்குறது அவ இஷ்டம். நீ அந்தக் கூட்டத்துல நின்னீன்னா இந்த வீட்டுல உனக்கு இடம் கெடையாதும்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா?"

"அவ எட்டாவதுதானடா படிக்கிறா?"

"விளையாடாத."

நான் விளையாடவில்லை. ரசம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அன்றைக்குக் காலையில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரேஷன் கடைக்குப் போகிற மாதிரிதான் போனேன். ஊர்வலம் என்றால் செருப்புப் போடக் கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ரயிலடியில் ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்தேன். மகள் ஓடி வந்தாள்.

"இது கோயில் இல்லம்மா! ரோடு கொதிக்குது, செருப்பப் போடு."

"சும்மா இருடி. ஊர்வலம்னா ஊர்வலம்."

முன்னால் நின்ற திருநங்கையும் மஞ்சள் சேலைதான். நல்ல உயரம். என்னைப் பார்த்ததும், "ஆயா, நீங்க முன்னாடி வாங்க. உங்களப் போலீஸ் தள்ள மாட்டாங்க" என்றாள்.

"தள்ளினா எலும்பு பொறுக்க ஒரு ஸ்டேஷனே வேணும்டி."

மகளோடு இருக்கிற பெண் என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தாள். கூச்சத்தில் என் முகத்தையே பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"எங்களுக்கும் வாடகைக்கு வீடு கொடுன்னு எழுதியிருக்கும்மா. எங்கள மூணு வீட்டுல காலி பண்ண சொல்லிட்டாங்க."

இதை ஒரு தரகரிடம் கேட்டால் போதாதா என்று நினைத்தேன்.

மெயின் ரோடு கூடாது, உள்தெரு வழியாகப் போங்கள் என்று இன்ஸ்பெக்டர் திருப்பிவிட்டார். தெருவுக்குள் நுழைந்ததும் தப்புக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பெண்கள் என்ன பார்த்தார்கள்? தப்பு, கூட்டம், முன்னால் மஞ்சள் சேலைகள், வெறுங்காலோடு ஒரு கிழவி. அம்மனுக்குப் பால்குடம் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. காலில் ஊற்றிக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

"எந்தக் கோயிலுக்குங்க?" என்றாள் ஒருத்தி.

மகள் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஊத்துடியம்மா, அப்புறம் பேசுவோம்."

ஒரு சின்னப்பெண் அட்டைகளைப் படித்துத் தன் அம்மா காதில் ஓதினாள். அந்த அம்மா அட்டையைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு, "ஊத்தினது ஊத்தினதுதான். வெயில்ல நடக்குதுங்க பாவம்" என்று மிச்சத்தையும் என் காலிலேயே கவிழ்த்தாள். இரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் ஊற்றினார்கள்.

இப்படியே தெருமுனைக்கு வந்தோம். அங்கேதான் மகன் கடை. வாசலில் நின்றுகொண்டிருந்தான். எங்கள் காலில் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்துப் பூக்கடைக்காரி என்னை அடையாளம் கண்டு குடத்தை அவன் கையில் திணித்தாள்.

"தம்பி, உங்க அம்மா நடந்து வர்றாங்க. பெத்தவங்க காலுக்கு நீங்க ஊத்தாம நாங்களா ஊத்துறது? இந்தாங்க."

வீட்டு மனுஷர்கள்தான் முதலில் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். அவன் குடத்தை வாங்கிக்கொண்டான். தப்பு நின்றுவிட்டது. மகள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். என் கை சும்மாதான் இருந்தது. அவன் என் காலைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். அந்தப் பெண்ணைப் பார்த்தான். குடத்தைக் கொஞ்சம் சாய்த்த மாதிரிகூட இருந்தது.

பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே வைத்தான். உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டான்.

"வாடி, போவோம்" என்றேன். தப்பு மறுபடி அடித்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மகள் தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். மருமகள் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவரு கடையிலேருந்து வர நேரமாகும் அத்தை. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

போங்க என்ற பிறகு எதற்குச் சாப்பாடு என்று கேட்கலாம். ஆனால் கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டேன். பேத்தி தூண் மறைவில் நின்று பார்த்தாள். கண்ணடித்தேன். சிரிக்கவில்லை.

மருமகள் ஒரு பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு நாள் மாத்துத்துணி வச்சிருக்கேன் அத்தை. அவரு கோவம் தணிஞ்சதும் நானே போன் பண்றேன்."

"பண்ணு" என்றேன்.

மெட்ராஸ் பஸ்ஸில் மகளும் அந்தப் பெண்ணும் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். வல்லம் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். சேலை அத்தனையும் மடித்து இருந்தது. என் புருஷன் போட்டோ துண்டில் சுற்றி இருந்தது. அடியில் கையை விட்டால், மார்கழிப் பனிக்குத் தலையில் கட்டிக்கொள்கிற என் கம்பளித் துணி.

அப்போது ஆனி மாதம். என் மருமகள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

"என்னம்மா தேடுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல எனக்குப் படுக்க எடம் இருக்கா?"

"ஒரே ரூம்தான்மா. நீங்க கட்டில்ல படுத்துக்குங்க. நாங்க கீழ படுத்துக்குறோம்."

"வீட்டுக்காரன் கேட்டா என்னை யாருன்னு சொல்லுவ?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

"மாமியார்னு சொல்லட்டுமா?" என்றாள், மெதுவாக.

"சொல்லு. நாலாவது வீடும் காலி பண்ண வேண்டியதுதான்."

அவள் சிரித்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.