பெயர் போடாத அறிக்கை

1. அலைடு பேப்பர்

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த கல்லூரியில் 'சட்டமும் சமூகமும்' என்ற அலைடு பேப்பர் என் தலையில் விழுந்தது. வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கான துணைப்பாடம். வக்கீலாக்குகிற படிப்பு இல்லை. சட்டம் ஊருக்குள் எப்படி நடக்கிறது, யார் கோர்ட்டுக்குப் போகிறார்கள், யார் போவதில்லை, ஏன் என்று பார்க்கிற படிப்பு.

வருடா வருடம் ஓர் ஊருக்கு ஃபீல்டு ஒர்க் போவோம். இரண்டு விதிகள் வைத்திருந்தேன். அறிக்கையில் யார் பெயரையும் எழுதக் கூடாது. எழுதி முடித்ததை அந்த ஊரிலேயே எல்லார் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும். தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டல்லவா? இந்த இரண்டாவது விதியைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் நான் அளக்காத நாளில்லை.

2. குப்பம்

அந்த வருடம் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். எந்தத் தகராறும் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் தீர வேண்டும். அதை மீறி கோர்ட்டுப் படி ஏறினால் ஊர்க் கட்டுப்பாடு. யாரும் பேசமாட்டார்கள், ஏலத்தில் மீன் எடுக்க விடமாட்டார்கள்.

கன்னியம்மா மீன் விற்பவள். கடலில் செத்துப்போன புருஷனின் படகைப் பஞ்சாயத்து அவள் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டது. என் மாணவி வசந்தியிடம் அவள் மனம் விட்டுப் பேசினாள்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு செங்கல்பட்டு போயி இலவச சட்ட உதவில மனு குடுத்துகீறேன். பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதிட்டும், அப்பால நோட்டீஸ் அனுப்புங்கன்னு சொல்லிகீறேன். நோட்டீஸ் வரச்சொல்ல நாங்க எங்கம்மா வூட்ல இருப்போம். யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு."

"பேரே வராதுக்கா," என்றாள் வசந்தி. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள்.

அடுத்த மாதம், பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தபோது, ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. வசந்தி படித்தாள்: "படகு தொடர்பாக ஒரு விதவைப் பெண் சட்ட உதவி மையத்தை நாடியுள்ளார்." கொட்டகை அமைதியானது. நன்றாகக் கேட்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நாற்பது வீட்டில் படகுத் தகராறு உள்ள விதவை எத்தனை பேர் இருப்பார்கள் என்று முதுகலை படித்த என் புத்திக்கு எட்டவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் மரியாதையாகவே கேட்டார். "நல்லா எழுதிகீது மேடம். இன்னொரு தபா அந்த இடத்த படிக்கச் சொல்லுங்களேன்."

நானே வாங்கிப் படித்தேன்.

3. வாபஸ்

கட்டுப்பாடு பரீட்சை வரை பொறுக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிற ஆட்டோவில் கன்னியம்மா மகளை ஏற்றவில்லை. குழாயடியில் குடம் வைக்க விடவில்லை. மனுவை வாபஸ் வாங்கிய காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

சட்ட உதவி மையத்துக்கு நானும் போனேன். வாசலிலேயே கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் என்னால்தான், நடந்ததை உள்ளே வந்து அதிகாரியிடம் சொல்கிறேன், போலீஸுக்கும் வருகிறேன் என்றேன்.

கையை உருவிக்கொண்டாள். "நீ சொன்னா மாதிரியே பேரு வரல மேடம். நான் இன்னா குத்தம் சொல்ல? இப்ப உள்ள வந்து எதுனா பேசுன, பொண்ணு பரீட்சயும் பூடும். வாய மூடிகினு நில்லு, அது போதும்."

உள்ளே அதிகாரி நல்ல மனுஷன். மனுவைப் புரட்டிவிட்டு, "உங்க பக்கம் நியாயம் இருக்கேம்மா. யாராவது மிரட்டினாங்களா?" என்றார்.

"இல்லீங்கய்யா. என் இஷ்டந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"காலேஜ்ல சட்டமும் சமூகமும் நடத்துறேன் சார்," என்றேன். அவள் கைநாட்டு வைத்தாள். சாட்சி இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு எந்த ஊரிலும் அறிக்கை படிக்கவில்லை. ஃபீல்டு ஒர்க் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். ஒருவரிடம் கேள்வி கேட்கும் முன், நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு அவர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.