சறுக்குத் தொட்டிக்குப் போன சாவுத் தண்ணீர்

நீர்ப் பூங்கா திறப்பு விழாவுக்காக முவேண்டே தன் புருஷனையே சாகடித்துவிட்டாள் என்று கிட்டுய் சந்தை முழுக்கப் பேச்சு. அன்று பூங்காவில் டிக்கெட் கிழித்தவன் நான். நடந்தது இதுதான்.

காலையிலேயே மோட்டார் புகைந்துவிட்டது. மந்திரி வர இரண்டு மணி நேரம்தான். பிள்ளைகளின் சறுக்குக்குக் கீழே தொட்டி காய்ந்து கிடந்தது.

"தண்ணி இல்லேன்னா உனக்கு வேலையும் இல்ல" என்றார் முதலாளி, தொட்டி நிரப்பும் முவேண்டேயிடம். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

அவள் ஊர்க் குழாய்க்கு ஓடினாள். அங்கே நூறு மஞ்சள் கேன்கள் வரிசையில் நின்றன. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு மட்டும்தான் வரிசை விலகும். அவள் தலையில் கைவைத்து, வீட்டில் சாவு என்று அழுதாள். அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை. பெண்கள் தாங்கள் பிடித்து வைத்திருந்த தண்ணீரையே கழுதை வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் வண்டிகளைப் பூங்காவுக்குத் திருப்பினாள்.

மந்திரி ரிப்பன் வெட்டும்போது, துக்கம் கேட்க அதே பெண்கள் அவளைத் தேடிப் பூங்காவுக்கே வந்து நின்றார்கள். தொட்டியில் பிள்ளைகள் கும்மாளமடித்தார்கள்.

"அடியே, பொணம் எங்கடி? சறுக்குல வருதா?" என்று கத்தினாள் அவர்களில் ஒருத்தி, சியோம்புவா. எல்லாரும் தொட்டியில் கேனை முக்கித் தங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார்கள். முவேண்டேயின் வேலையும் போனது.

நேற்று அவளிடமே கேட்டேன்.

"புருஷனா? அந்த ஓடிப்போனவனுக்கு யாருண்ணே தண்ணி குடுப்பா? மாமியா செத்துட்டான்னுதான் சொன்னேன்."