துலிப் பாத்திக்கு ஒரு வரப்பு

ஸ்காட்லாந்தில் ஏப்ரல் மாதம். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் எனக்கு வெடவெடக்கிறது. செல்வி வீட்டு வாசலிலோ மஞ்சள் டாஃபடில்களும் சிவப்புத் துலிப்புகளும் ஒரு கூச்சமும் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் இதே மண்மேல் பனி கிடந்ததாம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் உள்ளே போகவே மனமில்லாமல் நிற்கிறேன்.

செல்விக்குத் தஞ்சாவூர்ப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே நர்ஸ் வேலை. முதல் வருஷம் ஒரு பூகூட வரவில்லை என்கிறார்.

"நம்ம ஊர்ப் பழக்கம். சுத்தி வரப்பு போட்டு, நாத்தங்கால் மாதிரி தண்ணி கட்டிட்டேன். நட்ட துலிப் கிழங்கெல்லாம் அழுகிப்போச்சுங்க."

ஆனால் வரப்பு இப்போதும் இருக்கிறது. ஒரு ஆள் நடக்கிற அகலம், சேறு பூசி மெழுகிய விளிம்பு, அசல் தஞ்சாவூர் வரப்பு.

"இப்பதான் தண்ணி கட்டுறதில்லையே, இது எதுக்குங்க?"

செல்வி குனிந்து, உதிர்ந்த ஓரத்தைக் கையால் அணைத்து விடுகிறார்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் அடுத்தவங்க வயல்லதான் நடவு நட்டாங்க. இது என் வரப்புங்க. ஏறி நடந்து பாருங்க."

அந்தக் குளிரிலும் நான் ஷூவைக் கழற்றுகிறேன்.