கழுத்து அழுகிய மிளகாய்க் கன்றுகள்

மிளகாய் விதை முளைத்து ஒன்பதாம் நாள். விடியற்காலையில் நாற்றுமேடையை மூடியிருந்த தென்னோலைக் கிடுகைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல்நாள் மாலை இரண்டிரண்டு இலையோடு நிமிர்ந்து நின்ற கன்றுகள் அத்தனையும் மண்ணில் சரிந்து கிடந்தன.

நீர்வேலிக் கிராமத்துக்கு மருமகளாக வந்து நான் போட்ட முதல் மேடை அது. போர்த்தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். தண்ணீர் இறைக்கும் மெஷின் ஓடவில்லை. கிணற்றில் வாளியால் அள்ளிச் சுமந்துதான் ஊற்றினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் வீடு. என் கணவரின் தமக்கை. கிணறு இரு வீட்டுக்கும் பொது. எல்லை வேலியில் நட்டிருந்த கதியால் மரத்தை யார் வெட்டியது என்று முந்தைய வாரம்தான் எங்களுக்குள் வாய்த்தர்க்கம் வந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. வேலியடிக்குப் போய்க் கத்தினேன்.

"நீங்கள்தானே சுடுதண்ணி ஊத்தினது? பச்சைப் பிள்ளையளைக் கொன்ற மாதிரி!"

அடுப்படியிலிருந்து வந்த மச்சாளின் முகம் வெளுத்துப்போனது. அவருக்குப் பிள்ளை பிறந்து தங்கவில்லை, இரண்டு முறை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

மச்சாள் வேலிப் படலையைத் திறந்து வந்து குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து நூலாய் மெலிந்திருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் தண்ணி விட்டனி?"

"மூண்டு தரம்."

"கிடுகை எடுத்துக் காத்துப்பட விட்டனியோ?"

"இல்லை மச்சாள்."

"கழுத்து அழுகிப்போச்சு. ஒருத்தரும் ஒண்டும் ஊத்தேல்லை. நீதான் ஊத்தினனி."

மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அவர் போய்விட்டார்.

பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு வாழை மடல் நீண்டது. அதற்குள்ளே, நடுகிற பருவத்தில் இருந்த மிளகாய்க் கன்றுகள், அவருடைய மேடையிலிருந்து பிடுங்கியவை.

"இந்தா, பொழுதுபட முன்னம் நட்டுப்போடு. ஆனா இனி என்னோடை கதைக்காதை."

நட்டேன். எல்லாம் பிடித்துக்கொண்டன. செடியிலிருந்து முதல் ஆய்ந்த பழத்தைக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டாராம். கிணற்றடிக்கு நான் போனால் தன் வாளியை நகர்த்தி இடம் விடுவார். போரில் இடம்பெயர்ந்து ஆளுக்கொரு திசையாய்ப் போகும்வரை, அவர் என்னோடு கதைக்கவே இல்லை.