கனகத்தக்கா கேட்ட காப்பி செண்டு

செண்டுக் கடைக் கவுண்டரில் நிற்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தொழிலில் 'காப்பி' என்றால் குடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஒரிஜினல் பாட்டிலைப் போலவே செய்து விற்கும் டூப்ளிகேட்டுக்குத்தான் அந்தப் பேர். இது தெரியாமல் ஒருத்தர் வாயைத் திறந்ததில் எங்கள் கடையில் பெரிய ரகளையே நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நாகர்கோவிலிலிருந்து எல்லை தாண்டி மலையாள ஊருக்கு வந்து, பழவங்காடி பஜாரில் அந்தக் கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நல்ல மனுஷன்தான். ஆனால் செண்டுக் கடைக்காரருக்கு மூக்கு நுனியில் இருக்க வேண்டியது வேறு, அவருக்கு இருந்தது கோபம். போதாக்குறைக்கு அந்த வாரம் வேறொரு கடையில் டூப்ளிகேட் பிடிபட்டு, பஜார் முழுக்க அதே பேச்சாக இருந்தது.

ஒரு சாயங்காலம், ஐம்பதை ஒட்டிய ஒரு அம்மா நூல் சேலையும் துணிப்பையுமாக உள்ளே வந்தார். கடை நிறைய ஆள். நேராக அண்ணாச்சியிடம் போனார்.

"அண்ணாச்சி, காப்பி செண்டு உண்டுமா?"

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "யாரு உங்கள அனுப்புனது? இங்க காப்பி கீப்பியெல்லாம் கிடையாது. அத்தனையும் ஒரிஜினல். வெளிய போங்க!"

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள், இல்லை சண்டைக்கு நின்றிருப்பார்கள். அந்த அம்மா இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் குடிக்கிற காப்பியச் சொன்னேன் அண்ணாச்சி. அந்த மணத்துல ஒரு செண்டு. நீங்க எந்தக் காப்பிய நெனச்சீங்க?"

கடையே சிரித்தது. அண்ணாச்சிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, என்னிடம் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆரஞ்சு போய்க் காப்பி வரும் வரை

அவர் பெயர் கனகம். எங்கள் ஊர்ப்பக்கம்தான். அதனால் எடுத்த எடுப்பிலேயே நான் 'மக்ளே' ஆகிவிட்டேன். தம்பானூரில் லாட்ஜோடு சேர்ந்த ஒரு ஹோட்டலில் இருபது வருஷமாக டிகாக்‌ஷன் இறக்குகிறவர்.

"லாட்ஜில தங்குன வெள்ளைக்கார மதாம்மா ஒருத்தி போட்டிருந்தா மக்ளே. என்னடா, நம்ம டிகாக்‌ஷன் எந்திரிச்சு நடந்து போகுதேன்னு பாத்தேன். கேட்டா, செண்டுங்கா."

அப்படி ஒன்று எங்களிடமும் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. வந்த நாளிலிருந்து ஷெல்ஃபை விட்டு இறங்கியதில்லை. மல்லிகை என்றால் புதுசாகக் கல்யாணம் ஆனவர், கஸ்தூரி என்றால் கல்ஃப்காரர் என்று ஆளைப் பார்த்தே பாட்டில் எடுக்கிறவர்கள் நாங்கள். காப்பியைப் போட்டுக்கொள்ளும் ஆள் எப்படி இருப்பார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டில் அடித்துவிட்டேன். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது நாரங்காயில்லா மணக்கு?"

"அது டாப் நோட் அக்கா. முதல்ல ஆரஞ்சுதான் வரும். உடம்புச் சூடு பட்டு அது போன பிறகுதான் காப்பி மேலே வரும். அரை மணி நேரமாவது பொறுக்கணும்."

பொறுத்தார். அந்த நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னார். ஹோட்டலில் புதிதாக ஏசி ஹால் கட்டியிருக்கிறார்கள். அதற்கு சூப்பர்வைசர் வேலை சீனியாரிட்டிப்படி கனகத்தக்காவுக்கு வர வேண்டியது. கணக்குத் தெரியும், தமிழும் மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் புது மானேஜர் அதை நேற்று வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் பார்க்கிறார். காரணத்தை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். "தேகத்து காப்பி நாத்தமா. ஏசி ஹாலில் பற்றில்ல." உடம்பில் காப்பி நாற்றம், ஏசி ஹாலுக்குச் சரிப்படாதாம்.

"ஜோலி தெரியலன்னு சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன் மக்ளே. நாத்தம்னுட்டான். லேபர் ஆபீஸ்ல பராதி எழுதிக் குடுத்தேன். நாளைக்கு விசாரணைக்கு விளிச்சிருக்கு. தோத்துட்டா அந்த அடுக்களைக்குத் திரும்ப மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

பிறகு மணிக்கட்டை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. "வந்துட்டு!" என்றார். இருப்பதிலேயே சின்ன பாட்டிலை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு நீயும் வா மக்ளே. ஆரஞ்சு எப்பப் போவும், காப்பி எப்ப வரும்னு ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கி லீவு கேட்டேன். "போயிட்டு வா. நாலு பேரு முன்னால அந்தம்மாவ அசிங்கப்படுத்திட்டேன். இதுக்காவது உதவுவோம்" என்றார்.

லேபர் ஆபீசில்

வராந்தாவிலேயே இரண்டு மணிக்கட்டிலும் அடித்து, ஆரஞ்சு போகும்வரை அவரை உட்கார வைத்தேன். உள்ளே கூப்பிட்டபோது காப்பி நன்றாக மேலே வந்திருந்தது. மானேஜர் கடைசியாகத்தான் வந்தார். வந்தவர் மூச்சை இழுத்துக்கொண்டே சிரித்தார்.

"ரூமில் நல்ல மணமாணல்லோ சாரே. ஆரா செண்டடிச்சது?" கேட்டபடி என்னைப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

ஆபீசர் காரணம் கேட்டார். கனகத்தக்காவுக்கு வேலை தெரியாது என்று சொல்லவில்லை, உடம்பில் காப்பி நாற்றம் என்பதுதான் பிரச்சினை என்று மானேஜர் மலையாளத்தில் விளக்கினார். கனகத்தக்கா கையை மேஜை மேல் நீட்டினார். ஆபீசர் குனிந்து மோந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"தான் இப்போ நல்ல மணம்னு பறஞ்ஞது இதல்லே?" நீர் இப்போது நல்ல மணம் என்றது இதைத்தானே என்று மானேஜரைக் கேட்டார்.

மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஆள் கில்லாடி, சட்டென்று சமாளித்துக்கொண்டார். "எங்கில் பிரஸ்னமில்ல சாரே. திவசவும் இது அடிச்சோண்டு வரட்டே. சூப்பர்வைசராக்காம்." தினமும் இந்தச் செண்டைப் போட்டு வந்தால் வேலை தருகிறேன் என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆபீசரும் பேனாவை எடுத்துவிட்டார்.

"அது நடக்காது சாரே" என்றார் கனகத்தக்கா. உள்ளே வந்ததிலிருந்து ஆபீசரிடம் மலையாளத்தில் பேசியவர் தமிழுக்கு மாறிவிட்டார். "செண்டு போட்டாத்தான் வேலைன்னா, அந்த வேலை எனக்கா, செண்டுக்கா? மதாம்மா மேல வந்தா மணம், என் மேல வந்தா நாத்தமா? இத உங்களுக்குக் காட்டத்தான் இன்னைக்குப் போட்டேன். நாளைக்கு என் டிகாக்‌ஷன் மணத்தோடதான் வருவேன். அதுக்குப் பற்றும்னா தாங்க, இல்லைன்னா நான் எறங்குகேன்."

கைக்கு வந்த வேலையை ஒரு பேச்சில் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டாரே என்று பதறினேன். மானேஜர் ஆபீசரைப் பார்த்தார். அந்த ஊரில் ஆபீசர்களுக்குத் தமிழ் விளங்காமல் இருக்காது.

"கேட்டல்லோ?" என்றார் ஆபீசர். "சீனியாரிட்டி எழுதாம். மணம் எழுதான் இவிடெ கோளமில்ல."

சீனியாரிட்டியை எழுதலாம், மணத்தை எழுத அவருடைய ஃபாரத்தில் கட்டமே இல்லையாம். மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "பயமா இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்து மக்ளே. இருபது வருஷ ஜோலியில்லா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்தச் செண்டை எத்தனையோ பேருக்கு விற்றேன். "இதைப் போட்டால் தனி பர்சனாலிட்டி வரும்" என்று எல்லோரிடமும் சொல்லித்தான் விற்றேன். அது வியாபாரப் பேச்சு. ஆள் முதலில் இருக்க வேண்டும், செண்டு பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் கற்றுக்கொண்டது கனகத்தக்காவிடம்தான். அவரைப் போல இன்னொருவரை என் கவுண்டரில் நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நானும் அண்ணாச்சியும் அந்த ஏசி ஹாலுக்குக் காப்பி குடிக்கப் போனோம். கனகத்தக்கா சூப்பர்வைசர் சேலையில் எங்கள் மேஜைக்கு வந்தார். அசல் டிகாக்‌ஷன் மணம். அண்ணாச்சிக்குத் தொழில் புத்தி போகவில்லை.

"என்னம்மா, நம்ம செண்டப் போடலியா?"

"ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போகையில போடுவேன் அண்ணாச்சி" என்றார் கனகத்தக்கா. "இப்போ டூட்டியில இருக்கேன்லா?"