டொரண்டோவில் ஐந்து மணி நேரம்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில், ஆள் ஊர் போய்ச் சேர்ந்தால் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். சேராவிட்டால் எனக்குப் போன் செய்வார்கள்.

பழவேற்காடு பஜாரில், வலைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், கரண்ட் பில், டிக்கெட் எல்லாம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது திருப்பாலைவனத்தில். நெல் விளைகிற ஊர்க்காரி. படகிலேயே இரண்டு மூன்று தடவைதான் ஏறியிருக்கிறேன்; விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் ஊரையே ஏற்றி அனுப்புகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் யாருக்காவது டிக்கெட் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். பிறகு, "யாரு போட்டது இந்த டிக்கெட்ட?" என்ற கேள்விக்குக் கூடம் நிறைய ஆட்கள் இருக்க, தலை குனிந்து நின்றிருப்பீர்கள். அப்படியானால் நாம் ஒரே கட்சி, உட்காருங்கள்.

வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. ஒரு விமானம், ஒரே இறக்கம், வாசலில் கம்பெனி ஆள் நிற்பான். கனடாவில் குடியேறப் போகிறவர்கள் வேறு. அந்த நாட்டில் முதலில் கால் வைக்கிற விமான நிலையத்திலேயே அவர்கள் குடியேற்ற அதிகாரியைப் பார்த்தாக வேண்டும். காகிதத்தைக் காட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டு, பெட்டியை எடுத்து, மறுபடி பெட்டியைக் கொடுத்து, அப்புறம்தான் உள்ளூர் விமானம். இன்றைக்கு நான் ஒப்பிக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கம்ப்யூட்டர் சொன்னது

அப்படிப் போன முதல் ஆள் சுண்ணாம்புக்குளம் ரவி. டொரண்டோவில் இறங்கி வேறு விமானம் மாற ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று கம்ப்யூட்டர் காட்டியது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போகிறது என்று அப்படியே போட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்கு அவன் சுற்றுலாவுக்குப் போகிறானா, குடியேறப் போகிறானா என்று தெரியாது. எனக்குத் தெரியும். யோசித்திருக்க வேண்டியது நான்தான்.

அவன் அதிகாரியைப் பார்த்து முடித்தபோது அடுத்த விமானம் போய் நெடுநேரமாகியிருந்தது. மறுநாள்தான் இன்னொன்றில் இடம் கிடைத்தது. நடுவில் யாருடைய போனையோ வாங்கி என்னிடம் பேசினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். ரவி திட்டவில்லை; சந்தேகம்தான் கேட்டான்.

"நீ குடுத்த நேரம் வரிசையில நிக்கிறதுக்கே பூட்ச்சிக்கா. பொட்டிய எப்போ எடுக்கிறது, அடுத்த பிளேன்ல எப்போ ஏர்றது, அதயும் நீயே சொல்லிடு."

ஐந்து நிமிடப் பேருந்து

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். குடியேறப் போகிறவர்களுக்கு முதல் விமான நிலையத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து டிக்கெட் கிடையாது. குழந்தையோடு போனால் ஐந்து. யார் வந்து கத்தினாலும் சரி.

கத்த வந்தவர் தேசம்மாவின் மாமனார். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். மகன் முருகேசன் கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் மீன் பதப்படுத்துகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கி, மனைவி தேசம்மாவையும் மகள் கீர்த்தனாவையும் வரவழைக்கிறான். அவன் போனபோது பிள்ளை வயிற்றில். நடுவில் ஒரே முறை வந்து போனான். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. இப்போது ஆறு. தேசம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அங்கே அவள் போனும் வேலை செய்யாது. டொரண்டோவில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் ஆறு வயதுப் பிள்ளையோடு அவள் என்ன செய்வாள்? அதனால்தான் ஐந்து மணி நேரம். பெரியவரிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"திருப்பாலைவனத்துல எறங்கி பழவேற்காடு பஸ் புடிக்க அஞ்சு நிமிசம் ஆவும். நீ இன்னாமா, என் மருமவள அங்கியே குடித்தனம் வெக்கச் சொல்றியா?"

முருகேசனின் கணக்கு

பெரியவர் விடவில்லை. மகனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் முருகேசன் என்னைக் கூப்பிட்டான். அவன் இருக்கிற ஊரிலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம். நண்பனின் காரை இரவல் வாங்கி, ஒரே ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறான். இரண்டு மணி நேர இடைவெளியில் ஒரு டிக்கெட் இருக்கிறதே, அதைப் போடக்கூடாதா என்றான். ரவி கதையைச் சொன்னேன். முடியாது என்றால் முடியாது என்றும் சொன்னேன். என் குரல் கொஞ்சம் தடித்துத்தான் போனது.

அதற்கு அவன் சொன்னதைக் கேட்டு, தடித்த குரலுக்காக நான் வெட்கப்பட்டேன். டிக்கெட்டை மட்டும் மாற்றவில்லை.

"இத்தினி வருசம் இருந்துட்டேன்க்கா. இந்த அஞ்சு மணி நேரம்தான் என்னால முடியல."

பத்திரமான இடம்

புறப்படுகிற அன்று காலை வண்டியைக் கடை முன்னால் நிறுத்தச் சொல்லியிருந்தேன். தேசம்மா இறங்கி வந்தாள். காகிதங்களைக் காட்டு என்றேன். மாமனாரைப் பார்த்தாள். மாமனார் வண்டியின் மேலே இருந்த பெரிய பெட்டியைப் பார்த்தார். குடியேற்றக் காகிதம் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே இருந்தது. பெட்டியைச் சுற்றி வலைக்கயிறு, குறுக்கும் நெடுக்குமாக, அவர் கையால் போட்ட முடிச்சு. அதிகாரியைப் பார்த்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும், காகிதம் இல்லாமல் அதிகாரியைப் பார்க்க முடியாது என்று நான் நடுரோட்டில் நின்று கத்தினேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கத்தரிக்கோல் கொண்டுவந்தேன். நல்ல கயிற்றை வெட்டக்கூடாது என்று பெரியவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அரை மணி நேரம். காகிதத்தைத் தேசம்மாவின் கைப்பையில் நானே வைத்து ஜிப்பை இழுத்தேன். பெரியவருக்கு என்மேல் வருத்தம்.

"முக்கியமான பேப்பர்னுதாம்மா அடியில வெச்சிக் கட்னேன். படகுல மேல வெச்ச பொருளு எது கரைக்கு வந்துக்குது?"

தேசம்மாவின் முறை

டொரண்டோவில் அவர்கள் இறங்கியது அங்கே விடிகாலை, எனக்குச் சாயங்காலம். இறங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக டீ குடித்தேன். மூன்று மணி நேரம் கழித்து முருகேசன் கூப்பிட்டான். அதிகாரியைப் பார்த்து முடித்ததும் யாரிடமாவது போன் வாங்கிப் பேசு என்று தேசம்மாவிடம் சொல்லி வைத்திருந்தானாம். இன்னும் பேசவில்லை என்றான். நான்கு மணி நேரம் ஆனது. பேசவில்லை. காகிதம், பெட்டி, கயிறு என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தோன்றியது. அடுத்த விமானம் புறப்பட்டுவிட்டதாகத் திரையில் வந்தபோது, அதில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல அந்தக் கம்ப்யூட்டருக்கு வக்கில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை தேசம்மாவே வீடியோவில் வந்தாள். பக்கத்தில் முருகேசன். அவன் மடியில் கீர்த்தனா, இறக்கிவிட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை நின்றதும் கோபம் வந்தது. அப்படி என்னடி பண்ணினாய் அங்கே என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். வரிசையில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர்தான் இருந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு, விமானம் போய்விடும் என்று அழுதிருக்கிறாள். பாஷை புரியவில்லை, டிக்கெட்டில் இருந்த நேரம் புரிந்தது. தேசம்மா தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை, கடைசியில் இருந்த அந்தப் பெண்ணின் இடத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் நின்றாள். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று அவசரம் உள்ளவனுக்குத் தன் முறையைக் கொடுக்கிறவன், பதிலுக்கு அவனுடைய முறையை எடுத்துக்கொள்வான். இடம் மாற்றினால் மாற்றியதுதான், நடுவில் புகக்கூடாது. அந்த வீட்டு மருமகள் வேறு எப்படி நிற்பாள்? முன்னே நகர்ந்து வந்தாள், இன்னொருவர் அழுதார், மறுபடி கடைசி. இப்படி நான்கு முறை. கீர்த்தனாவே "அம்மா, மறுபடியும் பின்னாலயா?" என்று கேட்டாளாம்.

கடைசியில் இலங்கைத் தமிழ் பேசுகிற ஒரு ஊழியர் கவனித்து வந்து விசாரித்திருக்கிறார். "தங்கச்சி, இஞ்ச ஒராளை முன்னுக்கு விட்டா நீங்கள் கடைசிக்குப் போகத் தேவையில்லை. அவைக்குப் பின்னால நிண்டாலே காணும்" என்று சொல்லி, அவரே முன்னால் கூட்டிப் போனாராம். அதன்பிறகு பெட்டியோடும் பிள்ளையோடும் ஓடியதை அவள் சொல்லச் சொல்ல முருகேசன் சிரித்தான். கதவு மூடுகிற நேரத்தில் ஏறியிருக்கிறாள்.

உனக்காகத்தானே அந்த நேரத்தைச் சண்டை போட்டு வாங்கினேன், ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பதற்கா என்று கேட்டேன். அவளுக்கு என் கோபம் விளங்கவே இல்லை.

"நீ குடுத்த அஞ்சு மணி நேரத்துல நாலு பேரு பிளேனு புடிச்சாங்கக்கா. அப்பால நானும்தான் புடிச்சேன்."

அதிலிருந்து ஏரிக்கரை வீட்டார் யார் குடியேறப் போனாலும் ஆறு மணி நேரம் போடுகிறேன்: நான்கு அதிகாரிக்கு, இரண்டு அடுத்தவர்களுக்கு.