உர்-எமுஷின் மேற்குச் சுவர்

வடக்குக் கால்வாய் வெட்டிய ஆண்டு, பேரீச்சை அறுவடைக் காலம். செங்கல் வரிசைகளுக்கிடையே விரிக்கும் நாணற்பாய்களை முடையும் நின்ஹேடு, தலைச்சுமையோடு படிக்கோபுரத்தின் மேற்குப் புறத்துக்கு முதன்முதலாக வந்தபோது, கொத்தர் தலைவர் உர்-எமுஷ் சுட்ட செங்கல் ஒன்றைக் காதோரம் பிடித்து, விரற்கணுவால் தட்டிக்கொண்டிருந்தார். ஓசை பிடிக்கவில்லை போலும்; திரும்பிப் பாராமலே வீசினார். கல் அவள் காலடியில் விழுந்து சிதறியது.

"பயப்படாத தங்கச்சி. ஊமைக் கல்லுக்கு என் சுவத்துல எடம் கெடையாது."

வருத்தம் தெரிவிக்கும் வழக்கமே அவரிடம் இல்லை. பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே கட்டளையிடுவார். பார்லி மதுவை நாணற்குழலால் உறிஞ்சிக்கொண்டே வைவார். கல்லை ஒட்டப் பூசும் நிலக்கீல் தாடியில் காய்ந்து தொங்கும். பழைய கோயிலை இடித்துவிட்டா கட்டுகிறோம் என்று புதிய கூலியாள் எவனாவது கேட்டுவிட்டால் போதும்.

"இடிக்கிறதா? சாமி குடியிருந்த வீடுடா! அதுக்குள்ள மண்ண ரொப்பி, அதும் மேலயே கட்டுனாங்க நம்ம பாட்டனுங்க. அதும் மேல அவங்க பேரனுங்க. இப்ப எல்லாத்துக்கும் மேல நான்!"

கல்தோறும் அரசரின் பெயர் பதிந்திருக்கிறதே என்று நின்ஹேடு ஒருநாள் சீண்டினாள். "முத்திரை ராசாவோடது. சுவரு என்னோடது" என்றார்.

கோபுரத்தின் உட்புறம் முழுவதும் பச்சை மண்கல். வெளிப்புறம் மட்டுமே சுட்ட கல். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற, முகப்பில் ஒடுங்கிய துளைகள் விடுவது வழக்கம். சந்திரதேவன் நன்னாவின் புத்தாண்டு ஊர்வலம் மேற்குப் பக்கமாக வரப்போகிறது என்று தெரிந்ததும், உர்-எமுஷ் அத்தனை துளைகளையும் கல் செதுக்கி அடைத்துவிட்டார். "மூஞ்சியில அம்மைத் தழும்பு எதுக்கு?"

அதன்பின் மழை பெய்தது. ஊர்வலத்தன்று காலை, மேல் வரிசைக்குப் பாய் விரிக்கச் சென்ற நின்ஹேடு, முந்தைய வரிசையின் பாயைத் தூக்கிப் பார்த்தாள். பிழிந்தால் நீர் சொட்டியது. இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது."

"எத்தன மாசமாம்?" என்றார் அவர். கொத்தர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழாவுக்கென்று அவர் புதிய கம்பளி ஆடை உடுத்தியிருந்தார்.

அவள் மீண்டும் மேலேறி, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். பாதி உயரத்தில் நூல் சுவரின் புடைப்பில் மோதி வளைந்தது. சிரிப்பு நின்றது. சுவரின் அடியில் இடம்பிடித்து, குழந்தைகளோடு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகப்பு வெடித்தால் அவர்கள்மேல்தான் விழும்.

உர்-எமுஷ் நூலையே பார்த்தார். வாயிலிருந்த வெங்காயத்தைத் துப்பினார்.

"எந்திரிங்க, எந்திரிங்க! அந்தப் பக்கம் போங்க எல்லாரும்! டேய், ஒருத்தனும் கிட்ட வராத. கட்டுனவன் நான், ஒடைக்கிறவனும் நான்தான்."

தாம் அடைத்த முதல் துளையில் உளியை வைத்து அடித்தார். கல் தெறித்தது. சேற்றுநீர் பீறிட்டு அவர் மார்பில் அறைந்து, புத்தாடையை நனைத்து, மாசற்ற அந்தச் சுவரில் பழுப்புக் கோடாக வழிந்தது. அடுத்த துளை, அதற்கடுத்தது. நகர வாயிலருகே முரசு கேட்டது. உளி வளைந்துவிட்டது.

சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"தங்கச்சி, இன்னொரு உளி குடு."